அரை மில்லியின் இருக்கை

புது சீட் கம்பி சைக்கிள் பிரேமுக்குள் இறங்கியது. இறங்கியது என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறோம். உண்மையில் 'ணங்' என்று விழுந்தது.

"என்னங்க, என்ன உடைஞ்சுது?" உள்ளறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

"ஒண்ணும் உடையல. கம்பி கச்சிதமா உக்காந்த சத்தம்."

கச்சிதமாக உட்கார்ந்த கம்பியை அவர் ஒரு விரலால் தொட்டார். டம்ளரில் போட்ட ஸ்பூன் மாதிரி அது நாலு பக்கமும் ஆடியது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு இன்னொரு முறை தொட்டார். இன்னொரு முறையும் ஆடியது.

வேறு யாருக்காவது நடந்திருந்தால் இது சாதாரண விஷயம். அவர் எடையளவு ஆய்வாளர். ஊரிலுள்ள தராசு, மீட்டர் கோல், பெட்ரோல் பம்ப் எதுவும் அவர் முத்திரை இல்லாமல் மூச்சு விடக்கூடாது. மீட்டர் கோல் அரை மில்லிமீட்டர் குறைகிறது என்று ஒரு துணிக்கடையை அரை நாள் மூட வைத்தவர். அன்றிலிருந்து ஆபீஸில் அவருக்கு 'அரை மில்லி' என்று பெயர். அவர் காதுபட யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொள்வார். அப்பேர்ப்பட்டவர் அளந்து, சரிபார்த்து, மறுபடி அளந்து வாங்கிய கம்பி ஆறு மில்லி சிறியதாக இருந்தது.

சைக்கிள் மனைவியின் தம்பியுடையது. மலைப்பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்த, பருத்த டயர் போட்ட வண்டி. வேலை மாறி வேறு நாட்டுக்குப் போகும்போது, "மாமா, நீங்க வெச்சுக்குங்க" என்று கொண்டுவந்து நிறுத்தினான். டாக்ஸி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"மாமா, இந்தச் சீட்டுல ஒரு சமாச்சாரம் இருக்கு. அதுல உக்காந்துகிட்டு..."

"சீட்டுன்னா உக்காரத்தாம்ப்பா செய்வாங்க. இதெல்லாம் எனக்குச் சொல்லித் தரணுமா? கிளம்பு, ஃபிளைட்டை விட்டுடாத."

மச்சான் போனான். போன இடத்திலிருந்து இரண்டு முறை குரல் பதிவும் அனுப்பினான். மூன்று நிமிடம் பேசுகிறவன் ஒரு விஷயத்தையும் அளந்து பேசத் தெரியாதவன் என்ற கொள்கைப்படி இவர் அவற்றைக் கேட்கவில்லை.

போன மாதம்தான் வினை வந்தது. சைக்கிள் கடைக்காரர் மாதத்துக்கு ஒரு ஞாயிறு எல்லோரையும் மலைக்குக் கூட்டிப்போவார். ஏழாவது படிக்கும் மகள் ஆசைப்பட்டாள் என்று இவரும் போனார். ஏறும்போது ஒரு குறையும் இல்லை. இறங்கும்போதுதான் சீட் பின்னாலிருந்து முதுகைத் தள்ள ஆரம்பித்தது. கைப்பிடிக்கு மேலே குட்டிக்கரணம் அடித்து முன்சக்கரத்துக்கு முன்னால் போய் விழப்போகிறோம் என்று தோன்றியது. இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். அடிவாரத்தில் மகள் நாற்பது நிமிடம் காத்திருந்தாள். மற்ற அப்பாக்கள் எல்லாம் தண்ணீர் குடித்து, முகம் கழுவி, படம் எடுத்து முடித்திருந்தார்கள்.

அவள் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். "ரொம்பத் தாகமா இருக்காப்பா?" என்று மட்டும் கேட்டு பாட்டிலை நீட்டினாள். அது அவருக்கு நெஞ்சில் தைத்தது.

தள்ளிக்கொண்டு நடந்தபோதே ஒன்றைக் கவனித்திருந்தார். மற்றவர்கள் கைப்பிடியில் ஒரு லீவரை அழுத்துகிறார்கள், சீட் தாழ்ந்துவிடுகிறது, அவர்கள் பயமில்லாமல் இறங்குகிறார்கள். அந்தக் கம்பிக்கு டிராப்பர் என்று பேர். ஆக, தைரியம் என்பது வெறும் உதிரிபாகம். இது தெரிந்ததும் அவருக்குப் பெரிய நிம்மதி.

"அடுத்த தடவை நீ முன்னால போ, நான் உன் பின்னாலயே ஓட்டிக்கிட்டு இறங்கறேன்" என்று மகளிடம் சொன்னார். அவள் நம்பி, இருவர் பெயரையும் ஜோடியாகப் பதிந்துவிட்டு வந்தாள். அந்த ஞாயிறு இந்த ஞாயிறு. இன்று செவ்வாய்.

மனைவி வாயில் இரண்டு குண்டூசியோடு ஹாலுக்கு வந்து, தரையில் கிடந்த பழைய கம்பியைக் கையில் எடுத்தாள். சேறும் மசகும் அப்பியிருந்தது. குண்டூசிகளை எடுத்துவிட்டுக் கேட்டாள்:

"நீங்க எதை அளந்தீங்க?"

"வெளியே பளபளன்னு தெரிஞ்சுதே, அதை. எதையும் பிரிக்காம அளக்கறதுதான் திறமை. இருபத்தஞ்சு புள்ளி நாலு. பத்து தடவை அளந்தேன், பத்து தடவையும் அதேதான்."

"கீழே குண்டா இருக்கே. அதுதானே உள்ளே போற இடம்? உள்ளே போறதைத்தானே அளக்கணும்?"

"அது உன் தம்பி போட்ட ஒட்டு. ஒல்லிக் கம்பியை வாங்கிட்டான், பொருந்தல. அடியில ஒரு குண்டுக் குழாயை மாட்டிச் சமாளிச்சிருக்கான். அதோட விட்டானா? சீட்டு திருடு போயிடுமாம், உள்ளே ஒரு ஒயரை வேற போட்டுக் கட்டி வெச்சிருக்கான். வெட்டித்தான் வெளியே எடுத்தேன்."

"எதுக்கும் அவனை ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்."

"அளவு விஷயத்துல நான் போய் அவனைக் கேக்கறதா?"

மனைவி பதினைந்து வருடமாக வீட்டில் தையல் கடை நடத்துகிறாள். எதிரே வந்து நின்றவரை ஏற இறங்கப் பார்த்தே மார்பளவும் இடுப்பளவும் சொல்வாள். டேப் வைப்பது வாடிக்கையாளரின் மனசமாதானத்துக்கு. ஆனால் அது துணி அளவு. துணி இழுத்தால் நீளும் என்பதால் அவர் அதை அளவென்றே ஒப்புக்கொள்வதில்லை.

ஒட்டை நம்பாமல் பிரேமின் துளையையே அளப்பது என்று முடிவு செய்தார். கம்பியை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பின் திருகாணி தொலைந்துவிடக் கூடாதே என்று, முன்ஜாக்கிரதையாக அதை முழுக்க முடுக்கி வைத்துவிட்டு, வெர்னியர் அளவுகோலின் சின்னக் கால்களை உள்ளே விட்டார். முப்பது புள்ளி ஒன்பது. மூன்று திசையில் அளந்து சராசரி எடுத்து, அன்று இரவுக்குள் ஆர்டர் போட்டுவிட்டார்.

புதன்கிழமை காலை ஆபீஸ் போகிற வழியில் சைக்கிள் கடையில் நின்றார். கிரீஸ் டப்பா ஒன்று வேண்டும். கையோடு பழைய கம்பியையும், கைப்பிடியின் இடப்பக்கத்திலிருந்து கழற்றிய ஒரு லீவரையும் பையில் எடுத்துப் போயிருந்தார். அந்த லீவர் செத்த கியர். சைக்கிளின் பக்கத்தில் நின்றுகொண்டு எத்தனையோ தடவை அழுத்திப் பார்த்திருக்கிறார். ஒரு தடவைகூட ஒன்றும் அசைந்ததில்லை.

கடைக்காரர் காதில் பென்சில் சொருகிய, நாலு வார்த்தையில் சொல்லக்கூடியதை இரண்டில் முடிக்கிற மனிதர். பையை வாங்கிப் பார்த்தார்.

"சார், இது..."

"குப்பை. தூக்கிப் போடுங்க."

"நல்லா இருக்கே சார்."

"அளவு தப்பு."

"அளவு அடியிலயே அச்சடிச்சிருக்கும் சார். மசகைத் துடைச்சா தெரியும்."

அரை மில்லி புன்னகை செய்தார். கடைக்காரர்களைப் பார்த்து அவர் புன்னகை செய்தால் வழக்கமாக ஒரு நோட்டீஸ் வரும். "அச்சடிச்சதை நம்பறதா இருந்தா அரசாங்கம் எனக்கு எதுக்குங்க சம்பளம் குடுக்குது? ஒரு கிலோன்னு அச்சடிச்ச எத்தனை பொட்டலத்தை நான் பிரிச்சிருக்கேன் தெரியுமா?"

"இல்ல சார், இது என்ன பொருள்னா..."

"அப்புறம், அந்தக் காத்து அடிக்கிற மெஷின் மானி ரெண்டு பவுண்டு கூடக் காட்டுது. சரி பண்ணி வைங்க. அடுத்த வாரம் ஆபீசரா வருவேன்."

கடைக்காரர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, பார்த்து, மறுபடி சொருகிக்கொண்டார். கிரீஸ் டப்பாவை எடுத்து நீட்டினார்.

வியாழக்கிழமை இரண்டாவது கம்பி வந்தது. ஆடவில்லை. ஆனால் கிளாம்பைத் தளர்த்தி உள்ளே விட்டபோது கம்பிக்கும் பிரேமுக்கும் நடுவே மெல்லிய சந்து தெரிந்தது. கிளாம்பை இறுக்கினால் துளையின் வாயும் கொஞ்சம் சுருங்கும் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. விளங்கியதை வெளியே சொல்ல அவருக்கு என்ன அவசியம்? குளிர்பான டின் ஒன்றைக் கத்தரித்து, தகட்டைச் சுருட்டிச் சந்தில் சொருகினார். ஒட்டுவேலைதான். மச்சான் செய்தால் ஒட்டு, இவர் செய்தால் தொழில்நுட்பம்.

"லீவர் மாட்டலியாப்பா?" என்றாள் மகள்.

"முதல்ல சீட் நிக்கட்டும். அப்புறம் ஒயர், அப்புறம் லீவர். எதுக்கும் ஒரு முறை இருக்கு."

ஓட்டிப் பார்க்கத் தெருவுக்குப் போனார். போகும்போது நேராக உட்கார்ந்து போனார். முதல் திருப்பத்தில் சீட் கொஞ்சம் வலப்பக்கம் பார்த்தது. இவரும் பார்த்தார். இரண்டாவது திருப்பத்தில் ஒரு விரல்கடை இறங்கியது. இஸ்திரிக் கடைக்குள்ளிருந்து ஒருவர் வணக்கம் சொன்னபோது, முழங்கால் இரண்டும் வயிற்றில் இடிக்க, உடம்பு முழுக்கக் கடைப்பக்கம் திரும்பியிருந்தபடியால், இவரும் நேருக்கு நேர் பார்த்து வணக்கம் சொல்லும்படி ஆயிற்று. தினமும் கண்டும் காணாமல் போகிற ஆபீசர் இன்று இவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டதில் இஸ்திரிக்காரருக்கு ஒரே சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து கம்பியை உருவப் பார்த்தால் வரவில்லை. தகடு நன்றாகச் சிக்கிக்கொண்டுவிட்டது. மனைவி சைக்கிளைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, இவர் சுவரில் கால் வைத்து இழுத்தார்.

"மெதுவா இழுங்க, நேத்துதான் இடுப்பு வலின்னீங்க."

"இடுப்பை விடு. நீ பிரேமைப் பிடி."

திடீரென்று கம்பி வந்தது. வந்த வேகத்தில் இவர் சோபாவுக்குப் போனார், மனைவி சைக்கிளோடு சாய்ந்தாள். தகடு கீறிய கீறலில் கம்பியின் பளபளப்பு போய்விட்டது. பார்சல்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்.

"இனிமே நானே அளக்கறேன்" என்று எழுந்து வந்த மனைவி டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தாள். கிளாம்பை முழுக்கத் தளர்த்தி, ஒரு காகிதத்தைச் சுருட்டித் துளைக்குள் விட்டு, விரித்து, உள்சுற்றில் பென்சிலால் கோடு போட்டு, அதை அளந்து வகுத்துச் சொன்னாள். "முப்பத்தொண்ணரை. ஒரு நூல் முன்னப்பின்ன."

"ஒரு நூலெல்லாம் ஒரு அளவா?" என்று சொல்லிவிட்டு வெர்னியரை விட்டுப் பார்த்தார். முப்பத்தொன்று புள்ளி ஆறு. "பாத்தியா, நீ சொன்னது தப்பு" என்றார்.

அகலம் தீர்ந்தது. அடுத்தது, கம்பி எவ்வளவு இறங்க வேண்டும் என்பது. நூறு மில்லி இறங்குவது உண்டு, நூற்றைம்பது உண்டு, இருநூறும் உண்டு. அதிகமாக இறங்கினால் தைரியமும் அதிகமாக வரும் என்று கணக்குப் போட்டு இருநூறு என்றார்.

"உங்க காலுக்கு அது வேண்டாங்க. பேண்ட் தைக்கிறவ சொல்றேன், கேளுங்க. உங்களுக்கு உயரமெல்லாம் இடுப்புக்கு மேலதான்."

"என் கால் எனக்குத் தெரியாதா?"

தன் காலைத் தானே அளந்துகொண்டார். குதிகால் உயர்ந்த ஆபீஸ் ஷூவைக் கழற்ற மறந்துபோனது ஒரு சின்ன விஷயம்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது கம்பி வந்தது. அகலம் அச்சு அசல். ஆனந்தத்தில் மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆனால் பாதி தூரம் போனதும் கம்பி நின்றுவிட்டது. உள்ளே பிரேம் குழாய் வளைகிறதாம். இருநூறு இறங்குகிற கம்பி அதற்கேற்ற நீளமாகத்தானே இருக்கும்? சீட் அவர் மார்புக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

"ஏறிட்டா சரியாயிடும்" என்றார்.

மாடிப்படியின் மூன்றாவது படியில் நின்று ஏறினார். அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துகிற முற்றத்தில் பெருவிரல் நுனியால் பெடலைத் தேடித் தேடி மிதித்து ஒரு சுற்று வந்தார். நன்றாகத்தான் இருந்தது. நிறுத்தலாம் என்று நினைத்தபோதுதான் கால் தரைக்கு எட்டாது என்பது ஞாபகம் வந்தது. மாடிப்படிக்குப் பக்கத்தில் போகலாம் என்றால் அதற்குள் யாரோ ஸ்கூட்டரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது சுற்று வந்தார். மூன்றாவது வந்தார்.

காவலாளி ஒவ்வொரு சுற்றுக்கும் எழுந்து சல்யூட் வைத்தார்.

"பயிற்சியா சார்?"

"ஆமா."

பத்தாவது சுற்றில் மனைவி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சாப்பாடு ஆறுது, வாங்க!"

"வரேன், வரேன்!"

"வரேன்னு சொல்லிட்டு எங்க போறீங்க?"

"இறங்க முடியல, வந்து பிடி!" என்பதை, காவலாளிக்குக் கேட்காதபடி, மனைவிக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டியிருந்தது. அப்படி ஒரு குரல் அவரிடம் இல்லை. காவலாளிதான் ஓடிவந்து பிடித்தார். இடுப்பில் கைகொடுத்து, குழந்தையை இறக்குவதுபோல இறக்கிவிட்டு, கடைசியாக ஒரு சல்யூட் வைத்தார்.

சனிக்கிழமை காலை ரம்பத்தை எடுத்தார் அரை மில்லி. அடியில் எவ்வளவு தடுக்கிறதோ அவ்வளவை வெட்டிவிட்டால் தீர்ந்தது. இதில் அளவுப் பிழைக்கே வழியில்லை. வேண்டியது தொண்ணூற்று நான்கு மில்லி. கோடு போட்டார், கோட்டின் மேல் அறுத்தார். கோட்டைவிட்டு இம்மியும் விலகவில்லை. அவர் வாழ்க்கையில் அவ்வளவு துல்லியமாக எதையும் அறுத்ததில்லை.

டிராப்பர் கம்பிக்குள் எண்ணெயும் காற்றும் அடைத்து வைத்திருப்பார்கள் என்பது அதன் பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. அச்சடித்ததை அவர் நம்புவதில்லை.

'உஸ்' என்று பீறிட்ட எண்ணெய் சுவர், காலண்டர், மின்விசிறி ஆகியவற்றை விசாரித்துவிட்டு, கதவில் தொங்கிய வெள்ளைச் சட்டையில் போய் நின்றது. ஒரு வக்கீலுக்காக மனைவி நாலு நாளாகத் தைத்து, அப்போதுதான் இஸ்திரி போட்டு மாட்டியிருந்த சட்டை. சீட் பெருமூச்சு விட்டபடி தாழ்ந்து தாழ்ந்து அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. முதன்முறையாக ஒரு டிராப்பர் அந்த வீட்டில் இறங்கியது. அப்புறம் அது எழுந்திருக்கவில்லை.

மனைவி வந்தாள். சட்டையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். சட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவள் திட்டுகிறவள். திட்டாதது அவருக்குப் பயமாக இருந்தது.

மகள் தரையைத் துடைக்கத் துணி கொண்டுவந்தாள். கொஞ்ச நேரம் துடைத்துவிட்டு, தலை நிமிராமல் சொன்னாள்.

"பரவாயில்லப்பா. நான் வேற யார் கூடயாவது ஜோடி சேந்துக்கறேன். நீங்க கீழ வந்து நில்லுங்க. நான் இறங்கி வரும்போது கை காட்டுங்க, போதும்."

எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருந்தார் அரை மில்லி. ஆபீஸில் அவர் சொன்ன ஒரு அளவையும் யாரும் மறுத்ததில்லை. இந்தப் பிள்ளை மட்டும் அவரால் எவ்வளவு முடியும் என்று சரியாக அளந்து வைத்திருக்கிறாள். அவருக்கு அழுகை வந்தது. எண்ணெய் தெறித்த கண் என்று சொல்லிச் சமாளித்தார்.

சாயங்காலம் சீட் இல்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனார். வழியில் மூன்று பேர் சீட் எங்கே என்று கேட்டார்கள். மூன்று முறையும் தள்ளுகிற வேகத்தைக் கூட்டினார்.

கடைக்காரர் சைக்கிளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிரேமின் துளைக்குள் எட்டிப் பார்த்தார்.

"எத்தனை கம்பி சார்?"

"மூணு." வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு எண்ணை மெதுவாகச் சொன்னார். "நாளைக்குக் காலையில மலை. பொண்ணுக்கு வாக்குக் குடுத்துட்டேன். உங்ககிட்ட ஏதாவது இருக்குமா? எந்த அளவா இருந்தாலும் பரவாயில்ல."

எந்த அளவாக இருந்தாலும் பரவாயில்லை என்று அவர் வாயிலிருந்து வந்ததை ஆபீஸில் யாராவது கேட்டிருந்தால் லீவு விட்டிருப்பார்கள்.

கடைக்காரர் பென்சிலால் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டார்.

"ஒண்ணு இருக்கு. பழசு. ராத்திரி மாட்டி வெக்கறேன். காலையில மலையடிக்கு வந்துடுங்க."

"அளவு?"

"சேரும் சார்."

காலையில் மலையடிவாரத்தில் சைக்கிள் தயாராக நின்றது. புது சீட் கம்பி வெயிலில் மின்னியது. புதுக் கம்பியில்லை, பழசுதான். ஆனால் துடைத்து, கிரீஸ் போட்டு, பார்க்கப் புதிதாக இருந்தது. இடப்பக்கக் கைப்பிடியில் ஒரு லீவர். அரை மில்லி ஏறி உட்கார்ந்தார். கால் பெடலில் போய் நின்றது. ஒரு இழை ஆட்டமில்லை, திரும்பவில்லை, இடிக்கவில்லை. இந்தச் சைக்கிளோடு கூடப் பிறந்தது மாதிரி இருந்தது.

"லீவரை உக்காந்துகிட்டு அழுத்துங்க சார். சும்மா பக்கத்துல நின்னு அழுத்தினா ஒண்ணும் ஆகாது. உங்க எடை அதுமேல இருக்கணும்."

உக்காந்துகிட்டு. இதை எங்கேயோ கேட்டமாதிரி இருந்தது. யோசிப்பதற்குள் கூட்டம் கிளம்பிவிட்டது.

ஏறினார்கள். உச்சியில் மகள் ஹெல்மெட்டைச் சரி செய்துகொண்டு அவரைப் பார்த்தாள்.

"இறங்கலாமாப்பா? பயமா இருந்தா சொல்லுங்க."

"போ, நான் உன் பின்னால இருக்கேன்."

அழுத்தினார். சீட் குழந்தை மாதிரி கீழே போனது. பாதை முன்னால் சரிந்து விழுந்தது, இவர் விழவில்லை. முதல் திருப்பத்தில் மகள் திரும்பிப் பார்த்தாள். அப்பா இருந்தார். இரண்டாவது திருப்பத்திலும் திரும்பிப் பார்த்தாள். இருந்தார். மூன்றாவது திருப்பத்துக்கு அப்புறம் அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. இவருக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அடிவாரத்தில் அவள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தண்ணீர் கொடுத்தாள். மற்ற அப்பாக்கள் கைகொடுத்தார்கள். ஐந்து நிமிடம் அடக்கமாக இருந்தார். ஆறாவது நிமிடம் சட்டைப்பையிலிருந்து வெர்னியரை எடுத்தார்.

"முப்பத்தொண்ணு புள்ளி ஆறு. நான் கண்டுபிடிச்ச அளவு! எல்லாரும் இங்க பாருங்க. ஒரு சைக்கிளுக்கு எந்தக் கம்பி சேரும்ங்கறது அளவு தெரிஞ்சவனுக்குத்தான் தெரியும். என் மச்சான் வெச்சிருந்தான் பாருங்க ஒரு கம்பி, ஒட்டுப்போட்டு ஒயர் கட்டி! அதுல எப்படி இறங்கினானோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். இது எவ்வளவு அருமையான கம்பி! அகலம் சரி, நீளம் சரி, இறக்கம் சரி. இதைப் போய் ஒருத்தன் வேண்டாம்னு தூக்கிப் போட்டிருக்கான்னா, அவன் எவ்வளவு பெரிய மடையனா இருப்பான்?"

எல்லோரும் கடைக்காரரைப் பார்த்தார்கள்.

"ஏங்க, உண்மையைச் சொல்லுங்க" என்று அவர் தோளில் கைபோட்டார் அரை மில்லி. "என் சைக்கிளுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கே, இது உங்களுக்கு எங்க கிடைச்சுது?"

கடைக்காரர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"புதன்கிழமை நீங்கதான சார் தூக்கிப் போடச் சொல்லிக் குடுத்தீங்க? கழுவித் துடைச்சு, நீங்க வெட்டின ஒயருக்குப் பதிலா புது ஒயர் மாட்டினேன், அவ்வளவுதான்."